ஜான் பிரவுன்: சிறை, தூக்கு, அதற்குப் பிறகு – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் அடிமை முறையை ஆயுதம் ஏந்தி ஒழிக்கக் கிளம்பி, 1859 டிசம்பர் 2 அன்று தூக்கிலிடப்பட்டவர் ஜான் பிரவுன். அவரைப் பற்றிப் பேச்செடுத்தாலே திரும்பத் திரும்ப வரும் கேள்விகள் இவை. வழக்கமாக எல்லோரும் ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரி என்ற ஊரில் அவர் நடத்திய தாக்குதலைப் பற்றியே பேசுவார்கள். பிடிபட்டதிலிருந்து தூக்கு வரைக்குமான 45 நாட்கள்தான் எனக்கு முக்கியமாகப் படுகின்றன. அதனால் அந்தப் பகுதி இங்கே கொஞ்சம் நீளும்.

யார் இந்த ஜான் பிரவுன்?

1800 மே 9 அன்று கனெக்டிகட்டில் உள்ள டாரிங்டனில் பிறந்த வெள்ளையர். அவருக்கு ஐந்து வயதாகும்போது குடும்பம் ஒஹையோவின் ஹட்சன் என்ற ஊருக்குக் குடிபெயர்ந்தது. அப்பாவுக்குத் தோல் பதனிடும் தொழில். மகனும் அதில்தான் ஆரம்பித்தார். பிறகு நிலம் வாங்கி விற்றார், ஆடு வளர்த்தார், கம்பளி வியாபாரம் பார்த்தார். எதுவுமே நிலைக்கவில்லை. 1842இல் திவாலானார். முதல் மனைவி இறந்த பிறகு மறுமணம். இருவருக்குமாகச் சேர்த்து 20 பிள்ளைகள். அவர்களில் பலர் சின்ன வயதிலேயே போய்விட்டார்கள்.

பைபிளை வரிக்கு வரி நம்பிய பழைய பாணிக் கிறிஸ்தவர். 1837இல் இல்லினாய்ஸின் ஆல்டன் நகரில், அடிமை முறையை எதிர்த்து எழுதிய எலைஜா லவ்ஜாய் என்ற பத்திரிகையாசிரியரை ஒரு கும்பல் சுட்டுக் கொன்றது. அதற்காக ஹட்சன் தேவாலயத்தில் நடந்த கூட்டத்தில் பிரவுன் எழுந்து நின்று, இனி என் வாழ்நாள் அடிமை முறையை அழிப்பதற்குத்தான் என்று சபையறியச் சத்தியம் செய்தார். அன்றைக்கு வயது 37. அதைச் செயலில் காட்ட மேலும் 20 வருடம் பிடித்தது.

அடிமை முறையை ஒழிக்க நினைத்த அன்றைய வெள்ளையர் பலரும் கறுப்பின மக்களை இரக்கத்துக்குரியவர்களாகப் பார்த்தார்கள். பிரவுன் சமமாகப் பார்த்தார். நியூயார்க் மாநிலத்தின் வடக்கு மலைப்பகுதியான நார்த் எல்பாவில், கெரிட் ஸ்மித் என்ற செல்வந்தர் கறுப்பினக் குடும்பங்களுக்கு இலவசமாக நிலம் கொடுத்தார். 1849இல் பிரவுன் அவர்களுக்கு மத்தியிலேயே போய்க் குடியேறினார். அவர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்தார்கள். கறுப்பின விருந்தினரையும் அவர் ‘மிஸ்டர்’ சேர்த்துத்தான் அறிமுகம் செய்தார். வழிப்போக்கராக அங்கே வந்த ஒரு பாஸ்டன் வழக்கறிஞருக்கு இது எழுதி வைக்கும் அளவுக்குப் புதுமையாக இருந்தது.

கான்சாஸில் ஐந்து பேரை வெட்டிக் கொன்றார் என்பது உண்மையா?

உண்மை. இதில் மழுப்ப ஒன்றுமில்லை.

1854இல் வந்த ஒரு சட்டம், கான்சாஸில் அடிமை முறை வேண்டுமா வேண்டாமா என்பதை அங்கே குடியேறுபவர்களே முடிவு செய்துகொள்ளட்டும் என்று விட்டுவிட்டது. இரண்டு பக்கமும் துப்பாக்கியோடு ஆட்கள் வந்து குவிந்தார்கள். பிரவுனின் மகன்கள் முதலில் போனார்கள். பின்னாலேயே அப்பாவும் போனார். 1856 மே 21 அன்று அடிமை முறை ஆதரவாளர்கள் லாரன்ஸ் நகரைச் சூறையாடினார்கள். மறுநாள் வாஷிங்டனில், செனட் சபைக்குள்ளேயே, சார்ல்ஸ் சம்னர் என்ற அடிமை முறை எதிர்ப்பாளரை ஒரு தென்மாநில உறுப்பினர் கைத்தடியால் ரத்தம் சொட்டச் சொட்ட அடித்தார். மே 24 இரவு, நான்கு மகன்கள், ஒரு மருமகன், இன்னும் இருவரோடு பிரவுன் பாட்டவாட்டமி ஓடைக்கரைக் குடிசைகளுக்குப் போனார். அடிமை முறை ஆதரவாளர்கள் ஐந்து பேரை வெளியே இழுத்து வந்து அகலக் கத்திகளால் வெட்டிப் போட்டார்கள். ஜேம்ஸ் டாயில் என்பவரும் அவருடைய இரண்டு மகன்களும் அதில் அடக்கம். மூன்றாவது மகனை விட்டுவிடச் சொல்லி அந்தத் தாய் கெஞ்சினார். அவனை மட்டும் விட்டார்கள்.

அந்தத் தாய் மஹாலா டாயில். மூன்றரை வருடம் கழித்து, பிரவுன் தூக்குக்காகக் காத்திருந்தபோது அவர் சிறைக்கே ஒரு கடிதம் எழுதினார். எங்கள் அடிமைகளை விடுவிக்க வந்தேன் என்று நீ சொல்ல முடியாது, எங்களிடம் யாரும் இருந்ததில்லை, வைத்துக்கொள்ளும் எண்ணமும் இருந்ததில்லை என்று அதில் சொல்கிறார். தப்பிப் பிழைத்த மகன் இப்போது வளர்ந்துவிட்டான், உன் கழுத்தில் கயிறு மாட்ட அவனே வர ஆசைப்படுகிறான் என்றும் எழுதுகிறார். பிரவுனைப் போற்றுகிறவர்கள் அவருடைய சிறைக் கடிதங்களை வாசிக்கும்போது, சிறைக்கு வந்த இந்தக் கடிதத்தையும் சேர்த்து வாசிக்க வேண்டும்.

ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரியில் என்னதான் செய்ய நினைத்தார்?

பொட்டாமக், ஷெனண்டோவா ஆகிய இரண்டு ஆறுகள் கூடும் இடத்தில், அன்றைய வர்ஜீனியாவில் இருக்கிறது அந்தச் சின்ன ஊர். மத்திய அரசின் துப்பாக்கித் தொழிற்சாலையும் ஆயுதக் கிடங்கும் அங்கே இருந்தன. கிடங்கைப் பிடிப்பது, சுற்றுவட்டார அடிமைகளுக்கு ஆயுதம் கொடுப்பது, அப்பலாச்சியன் மலைத்தொடருக்குள் புகுந்து தெற்கு நோக்கி நகர்ந்தபடியே மேலும் மேலும் ஆட்களை விடுவிப்பது: இதுதான் திட்டம். துப்பாக்கி சுடத் தெரியாதவர்களுக்காக கனெக்டிகட்டில் 950 ஈட்டிகள் செய்யச் சொல்லி வரவழைத்தார்.

அடிமைத்தளையிலிருந்து தப்பி வந்து நாடறிந்த பேச்சாளராகியிருந்த ஃபிரெடரிக் டக்ளஸை, 1859 ஆகஸ்டில் பென்சில்வேனியாவின் சேம்பர்ஸ்பர்க் அருகே ஒரு பழைய கல்குவாரியில் ரகசியமாகச் சந்தித்து உடன் வரும்படி கேட்டார். டக்ளஸ் மறுத்தார். அது ஒரு பொறி, உள்ளே போனால் வெளியே வரமாட்டீர்கள் என்று எச்சரித்தார். ஆனால் டக்ளஸோடு வந்திருந்த ஷீல்ட்ஸ் கிரீன், நான் கிழவரோடு போகிறேன் என்று சொல்லிப் பிரவுன் பக்கம் சேர்ந்துகொண்டார்.

அக்டோபர் 16, ஞாயிறு இரவு. பிரவுனோடு இருந்தது 21 பேர். அதில் ஐந்து பேர் கறுப்பினத்தவர். கிடங்கு சுலபமாகக் கைக்கு வந்தது. அதன்பிறகு எல்லாமே கோணல். முதலில் செத்தது ஹேவர்டு ஷெப்பர்டு என்ற ரயில்நிலையச் சுமைதூக்கும் தொழிலாளி. அவர் அடிமையல்லாத கறுப்பினத்தவர். யாரை விடுவிக்க வந்தார்களோ அந்த இனத்தவரின் ரத்தம்தான் முதலில் சிந்தியது. அப்புறம் அந்த வழியாக வந்த ரயிலை நிறுத்திவைத்து, விடியற்காலையில் பிரவுனே போகவிட்டார். ரயில்காரர் அடுத்த நிலையத்துக்குப் போனதுமே தந்தி அடித்துவிட்டார். பத்து மணிக்கெல்லாம் கிளம்பி மலைக்குள் போயிருக்கலாம். பிரவுன் போகவில்லை. ஏன் என்பதற்கு அவரே பிற்பாடு சொன்ன காரணம், பிணைக்கைதிகளின் நலனைப் பார்த்தேன் என்பது. எனக்கு அது முழுக் காரணமாகத் தோன்றவில்லை. ஆட்கள் வந்து சேர்வார்கள் என்று கடைசிவரை எதிர்பார்த்திருக்க வேண்டும். திங்கள் முழுக்கச் சுற்றியிருந்த ஊர்களின் துணைப்படைகள் வந்து சூழ்ந்துகொண்டன. பிரவுனின் மகன்கள் ஆலிவரும் வாட்சனும் அந்த முற்றுகையில் குண்டடிபட்டு உயிர்விட்டார்கள்.

அங்கேயே சாகாமல் எப்படி உயிரோடு பிடிபட்டார்?

ஒரு மெல்லிய வாளால்.

மிஞ்சியவர்கள் தீயணைப்பு வண்டி நிற்கும் சிறிய செங்கல் கட்டடத்துக்குள் அடைந்து கிடந்தார்கள். செவ்வாய் காலை, கர்னல் ராபர்ட் லீ தலைமையில் வந்த கடற்படைத் துருப்புகள் ஓர் ஏணியால் கதவை இடித்துத் திறந்தன. முதலில் நுழைந்த லெஃப்டினன்ட் இஸ்ரேல் கிரீன், அவசரத்தில் சண்டைக்கான வாளை விட்டுவிட்டு அணிவகுப்புக்குக் கட்டும் வாளோடு வந்திருந்தார். பிரவுனின் வயிற்றில் குத்தியபோது அது எதிலோ பட்டு வளைந்துவிட்டது. பிறகு அதன் பிடியாலேயே தலையில் அடித்து வீழ்த்தினார். ஒழுங்கான வாள் இருந்திருந்தால் பிரவுன் அந்தத் தரையிலேயே முடிந்திருப்பார். 36 மணி நேரத்தில் சொதப்பிப்போன ஒரு கலகத்தின் தலைவன் என்று வரலாற்றுப் புத்தகத்தில் அரைப் பத்தி கிடைத்திருக்கும்.

விசாரணை நியாயமாக நடந்ததா?

பக்கத்து ஊரான சார்ல்ஸ் டவுனில் அக்டோபர் 27 அன்று தொடங்கியது, 31 அன்று முடிந்தது. வாள்காயம் ஆறாத மனிதர் நீதிமன்றத்தில் கட்டிலில் படுத்துக்கொண்டே விசாரணையைச் சந்தித்தார். ஜூரிகள் எடுத்துக்கொண்டது 45 நிமிடம். வர்ஜீனியாவுக்கு எதிரான துரோகம், கொலை, அடிமைகளைக் கலகத்துக்குத் தூண்டியது என மூன்று குற்றச்சாட்டுகளிலும் குற்றவாளி.

வேகம் அதிகம் என்பது உண்மை. வர்ஜீனியாவின் குடிமகனே அல்லாதவர் வர்ஜீனியாவுக்கு எப்படித் துரோகம் செய்ய முடியும் என்று பிரவுன் தரப்பு வழக்கறிஞர்கள் கேட்டதும் நல்ல கேள்வி. ஆனால் நீதிபதி ரிச்சர்டு பார்க்கர் அன்றைய அளவுகோலில் ஒழுங்காகவே நடத்தினார். நன்றாக நடத்தினார்கள் என்று பிரவுனே தன் இறுதி உரையில் சொன்னார். மாநில ஆளுநர் ஹென்றி வைஸ் செய்த பெரிய தப்புக்கணக்கும் இதுதான். பத்திரிகையாளர்களை உள்ளே விட்டு, தந்தி வசதியோடு, நாடே பார்க்கும்படி விசாரணை நடத்தினால் அடிமை முறையை வைத்திருந்த தெற்கு மாநிலங்களின் நியாயம் வெல்லும் என்று நினைத்தார். நாடு பார்த்தது, கட்டிலில் கிடந்த காயம்பட்ட கிழவரைத்தான்.

நவம்பர் 2 அன்று, தண்டனைக்கு முன் ஏதாவது சொல்ல விரும்புகிறாயா என்று கேட்டார்கள். எதிர்பாராத நேரத்தில் கேட்டார்கள், தயாரிப்பும் இல்லை. எழுந்து நின்று பேசினார். பணக்காரர்களுக்காகவும் அதிகாரத்தில் இருப்பவர்களுக்காகவும் இதையே செய்திருந்தால், இந்த நீதிமன்றத்தில் ஒவ்வொருவரும் பாராட்டியிருப்பீர்கள் என்றார். நீதி நிறைவேற என் உயிர் போகத்தான் வேண்டும், என் பிள்ளைகளின் ரத்தத்தோடும் இந்த அடிமை நாட்டின் லட்சக்கணக்கானவர்களின் ரத்தத்தோடும் என் ரத்தமும் கலக்கத்தான் வேண்டும் என்றால், சம்மதிக்கிறேன், அப்படியே ஆகட்டும் என்று முடித்தார். அதே உரையில், கலகம் செய்யும் நோக்கமே எனக்கு இருந்ததில்லை என்றும் சொன்னார். 950 ஈட்டிகளை வைத்துக்கொண்டு அதைச் சொன்னது கொஞ்சம் இடிக்கத்தான் செய்கிறது.

அவருக்குப் பைத்தியம் என்று சொல்கிறார்களே?

முதலில் சொன்னவர்கள் எதிரிகள் அல்லர், காப்பாற்ற நினைத்தவர்கள். அவருடைய தாய்வழிக் குடும்பத்தில் பலருக்கு மனநோய் இருந்தது என்று ஒஹையோவிலிருந்து ஒரு தந்தி வந்தது. வழக்கறிஞர் அதை நீதிமன்றத்தில் வாசித்ததும், பிரவுன் கட்டிலிலிருந்து எழுந்து, இது கேவலமான சாக்கு, எனக்கு வேண்டாம் என்று தட்டிவிட்டார். தீர்ப்புக்குப் பிறகு உறவினரும் தெரிந்தவர்களும் சேர்ந்து 19 பிரமாணப் பத்திரங்கள் எழுதி ஆளுநருக்கு அனுப்பினார்கள். அவையும் பயன்படவில்லை.

பிடிபட்ட அன்றே பிரவுனை மணிக்கணக்கில் விசாரித்த ஆளுநர் வைஸ், இவரைப் பைத்தியம் என்பவர்கள்தான் தவறு, இவர் தெளிந்த தலையும் துணிச்சலும் உள்ள மனிதர் என்று பேசினார். தூக்குக்கு அனுப்புகிறவரின் வாயிலிருந்து வந்த சான்றிதழ். பைத்தியம் என்ற முத்திரை அவர் இறந்து வெகுகாலம் கழித்துத்தான் பாடப்புத்தகங்களில் பலமாக ஏறியது. கறுப்பினத்தவருக்காக ஒரு வெள்ளையர் உயிரைக் கொடுத்தார் என்பதைச் சிலரால் வேறு எப்படியும் விளங்கிக்கொள்ள முடியவில்லை.

சிறையில் எப்படி நடத்தினார்கள்?

ஆச்சரியம், நன்றாகத்தான். சார்ல்ஸ் டவுன் சிறையின் ஜெயிலர் ஜான் ஏவிஸ், பிரவுனின் ஆட்களை எதிர்த்துச் சண்டை போட்டவர்களில் ஒருவர். இருந்தும் கைதியிடம் மரியாதையாக நடந்துகொண்டார். பிரவுனும் பதிலுக்கு, ஏவிஸுக்குக் கெட்ட பெயர் வரும்படி தப்பிக்க முயல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தார். காலில் சங்கிலி, அதே அறையில் பலத்த காயத்தோடு ஏரன் ஸ்டீவன்ஸ் என்ற தோழர், ஒரு மேசை, பைபிள், காகிதம், பேனா. வருகிறவர்களுக்குக் குறைவில்லை. பார்க்க வந்தவர்களில் பாதிப் பேர் வேடிக்கை பார்க்க வந்தவர்கள்.

உள்ளூர்ப் பாதிரியார்கள் வந்து ஜெபம் செய்யட்டுமா என்று கேட்டபோது, அடிமை முறையை நியாயப்படுத்துகிறவர்களின் ஜெபம் வேண்டாம் என்று திருப்பி அனுப்பினார். தூக்குமேடைக்கும் பாதிரியார் துணை வேண்டாம் என்றார். நவம்பர் 29 அன்று, தன் ஆதரவாளர் ஸ்டெர்ன்ஸின் மனைவிக்கு எழுதிய கடிதத்தில் விளக்கம் இருக்கிறது: அழுக்கும் கந்தலுமாக, தலையில் தொப்பியில்லாமல், காலில் செருப்பில்லாமல் இருக்கும் அடிமைச் சிறுவர் சிறுமியரும், அவர்களை அழைத்துவரும் நரைத்த தலை அடிமைத் தாய் ஒருத்தியும் துணைக்கு வந்தால் போதும், அதுதான் எனக்குப் பெருமை என்று எழுதினார்.

சிறைக் கடிதங்களில் அப்படி என்ன இருக்கிறது?

புரட்சி முழக்கம் எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். பாதிக்கு மேல் வீட்டு விவகாரம். மனைவி மேரியிடம், பயணத்துக்குச் செலவழித்து வராதே, அந்தக் காசு உனக்கும் விதவையாகிவிட்ட மருமகள்களுக்கும் தேவைப்படும் என்கிறார். லிடியா மரியா சைல்டு என்ற பெண் எழுத்தாளர் வந்து பணிவிடை செய்ய அனுமதி கேட்டபோது, எனக்கு இங்கே குறையில்லை, என் குடும்பத்துக்கு உதவுங்கள் போதும் என்று அவருக்கும் பதில் எழுதினார். இதையொட்டி சைல்டுக்கும் ஆளுநர் வைஸுக்கும் நடந்த கடிதச் சண்டை சிறு நூலாக வெளிவந்து 3 லட்சம் பிரதிகள் போனது தனிக் கதை.

நவம்பர் 12 அன்று தம்பி ஜெரமையாவுக்கு எழுதிய கடிதத்தில்தான் அந்தப் புகழ்பெற்ற வரி வருகிறது: வேறு எதற்கும் பயன்படுவதைவிடத் தூக்கில் தொங்குவதற்குத்தான் நான் கணக்கில்லாத மடங்கு பயன்படுவேன் என்று முழுமையாக நம்புகிறேன். கம்பளி வியாபாரத்தில் ஒரு தடவைகூட லாபம் பார்க்கத் தெரியாத மனிதர், தன் சாவின் மதிப்பை மட்டும் சரியாகக் கணக்குப் போட்டுவிட்டார்.

தீர்ப்புக்கும் தூக்குக்கும் இடையில் ஒரு மாதம் விட வேண்டும் என்பது வர்ஜீனியா சட்டம். அந்த ஒரு மாதத்தை அவர் முழுதாகப் பயன்படுத்தினார். போகிற கடிதங்களை அரசு வழக்கறிஞர் ஆண்ட்ரூ ஹன்டர் பார்த்துத்தான் விட்டார்; பெரும்பாலானவற்றை விட்டுவிட்டார். வட மாநிலப் பத்திரிகைகள் அவற்றை அச்சிட்டன. ஈட்டிகளால் ஒரு அடிமையைக்கூட நிரந்தரமாக விடுவிக்க முடியாதவர், பேனாவால் வடக்கின் மனதை அசைத்துவிட்டார்.

தப்பிக்க வழியே இல்லையா?

வழி தேடியவர்கள் உண்டு. அவருக்கு வாதாட மாசசூசெட்ஸிலிருந்து வந்த ஜார்ஜ் ஹாய்ட்டுக்கு வயது 21. வழக்கு அவருக்கு ஒரு முகமூடிதான். சிறையின் அமைப்பை நோட்டம் விட்டு, மீட்க முடியுமா என்று பார்த்துச் சொல்லவே அனுப்பப்பட்டார். பிரவுன் அவரிடமே திட்டவட்டமாக மறுத்துவிட்டார். காயம், காவல், ஏவிஸுக்குக் கொடுத்த வாக்கு எல்லாம் காரணங்கள்தான். ஆனால் தப்பித்துவிட்டால் தூக்கில் தொங்கும் பயன் போய்விடுமே.

தூக்கிலிடப்பட்ட அன்று என்ன நடந்தது?

முந்தைய நாள் மாலை மேரியைப் பார்க்க அனுமதித்தார்கள். ஏவிஸ் குடும்பத்து அறையில் இருவரும் சேர்ந்து சாப்பிட்டார்கள். இரவு அங்கேயே தங்க அனுமதி கேட்டதற்கு மறுத்துவிட்டார்கள்.

டிசம்பர் 2 காலை, மற்ற அறைகளில் இருந்த தோழர்களிடம் விடைபெற்றார். ஆளுக்கொரு கால் டாலர் நாணயம் கொடுத்தார். விசாரணையில் தன்னைப் பற்றித் தவறாகச் சொன்ன ஜான் குக்கைக் கண்டித்தார். ஆல்பர்ட் ஹாஸ்லெட்டிடம் மட்டும் பேசவில்லை. ஹாஸ்லெட் பொய்ப் பெயரில் இருந்தார்; தெரியாதவர் மாதிரியே இருந்தால் அவர் பிழைக்க வழியிருக்கும் என்ற நப்பாசை. கடைசியில் ஒரு சீட்டை எழுதிக் காவலரிடம் கொடுத்தார். இந்தக் குற்றம் மிகுந்த நாட்டின் பாவங்கள் ரத்தத்தால் தவிர வேறு எதனாலும் கழுவப்படாது என்பது ஜான் பிரவுனாகிய எனக்கு இப்போது உறுதியாகிவிட்டது. அதிகம் ரத்தம் சிந்தாமல் முடிந்துவிடும் என்று வீணாக நினைத்திருந்தேன் என்பது அதன் சாரம்.

திறந்த வண்டியில், தன் சவப்பெட்டியின் மேலேயே உட்கார்ந்து போனார். வழியில் மலைகளைப் பார்த்து, அழகான ஊர், இதுவரை பார்க்கும் பாக்கியம் கிடைக்கவில்லை என்றார். மைதானத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட துருப்புகள். பொதுமக்களைக் கிட்டவே விடவில்லை. முகத்தை மூடிக் கயிறு மாட்டிய பிறகும், துருப்புகள் வரிசைக்கு வந்து சேரச் சுமார் பத்து நிமிடம் அப்படியே நிற்க வைத்தார்கள். அவர் ஆடவில்லை, அசையவில்லை. ராணுவக் கல்லூரி மாணவர்களோடு காவலுக்கு வந்திருந்த தாமஸ் ஜாக்சன், பின்னாளில் ‘ஸ்டோன்வால்’ என்று பெயரெடுத்த தென்படைத் தளபதி, இதைத் தன் மனைவிக்கு எழுதியிருக்கிறார். ரிச்மண்ட் துணைப்படையின் சீருடையில் இன்னொருவரும் வேடிக்கை பார்த்தார்: ஜான் வில்க்ஸ் பூத், 21 வயது நடிகர். 1865இல் லிங்கனைச் சுட்டுக் கொன்றவர்.

வடக்கே பல ஊர்களில் தேவாலய மணிகள் ஒலித்தன. ஆல்பனியில் 100 பீரங்கி முழக்கம். உடல் நார்த் எல்பாவுக்குப் போய்ச் சேர்ந்து டிசம்பர் 8 அன்று அடக்கம் செய்யப்பட்டது.

சிறை வாசலில் கறுப்பினக் குழந்தைக்கு முத்தம் கொடுத்தாரா?

இல்லை. ஓவியங்களிலும் கவிதையிலும் வரும் காட்சி அது. வாசலிலிருந்து மைதானம் வரை ராணுவம் நின்றது. ஓர் அடிமைத் தாய் குழந்தையோடு அங்கே வந்திருக்கவே முடியாது. நியூயார்க் பத்திரிகை ஒன்றில் வந்த கற்பனை. மேலே சொன்ன நவம்பர் 29 கடிதத்தின் ஆசைதான் இப்படி உருமாறியது போலிருக்கிறது.

அவரோடு போனவர்கள் என்ன ஆனார்கள்?

இந்தக் கேள்வியை யாரும் அதிகம் கேட்பதில்லை, கேட்க வேண்டும். 22 பேரில் 10 பேர் தாக்குதலில் இறந்தார்கள், 7 பேர் தூக்கில், 5 பேர் தப்பினார்கள்.

முதலில் விழுந்த தோழர் டேஞ்சர்ஃபீல்டு நியூபி. இவர் அடிமைத்தளையிலிருந்து விடுபட்டவர். ஆனால் இவருடைய மனைவி ஹாரியட்டும் குழந்தைகளும் இன்னும் வர்ஜீனியாவில் அடிமைகளாக இருந்தார்கள். சீக்கிரம் வந்து என்னை வாங்கிவிடுங்கள், இல்லாவிட்டால் வேறு யாராவது வாங்கிவிடுவார்கள் என்று அவள் எழுதிய கடிதங்களை அவர் பத்திரமாக வைத்திருந்தார். அவருடைய பிணத்தின் காதுகளை அறுத்தெடுத்தார்கள். ஹாரியட் லூசியானாவுக்கு விற்கப்பட்டார்.

ஓபர்லின் கல்லூரியில் படித்த ஜான் கோப்லண்டும், டக்ளஸோடு வந்து கிழவரோடு போன ஷீல்ட்ஸ் கிரீனும் டிசம்பர் 16 அன்று தூக்கிலிடப்பட்டார்கள். இவர்கள் மீது துரோகக் குற்றம் நிற்கவில்லை. கறுப்பினத்தவர் குடிமக்களே அல்லர் என்று 1857இல் உச்ச நீதிமன்றம் டிரெட் ஸ்காட் வழக்கில் சொல்லியிருந்தது. குடிமகன் இல்லாதவன் எப்படித் துரோகியாவான் என்று அவர்களின் வழக்கறிஞர் அதையே திருப்பிப் போட்டார். கொலைக்குற்றம் நின்றது. பிரவுனின் உடல் மரியாதையோடு மனைவியிடம் ஒப்படைக்கப்பட்டது. கோப்லண்ட், கிரீன் உடல்களை வின்செஸ்டர் மருத்துவக் கல்லூரி மாணவர்கள் அறுத்துப் படிக்க எடுத்துக்கொண்டார்கள். கோப்லண்டின் பெற்றோருக்காக ஓபர்லின் பேராசிரியர் ஒருவர் நேரில் போய்க் கேட்டும் கிடைக்கவில்லை.

பணம் கொடுத்தவர்கள் பிடிபட்டார்களா?

‘ரகசிய அறுவர்’ என்று சொல்லப்படும் வடமாநிலப் பிரமுகர்கள்தான் பணம் கொடுத்தவர்கள். விஷயம் வெளியே வந்ததும் மூன்று பேர் கனடாவுக்கு ஓடினார்கள். கெரிட் ஸ்மித் மனநல மருத்துவமனையில் சேர்ந்தார். தியடோர் பார்க்கர் ஏற்கெனவே காசநோயோடு இத்தாலியில் இருந்தார். ஓடாமல் வீட்டிலேயே இருந்தவர் தாமஸ் ஹிக்கின்சன் ஒருவர்தான். யாரும் தண்டிக்கப்படவில்லை.

உள்நாட்டுப் போர் இவரால்தான் வந்ததா?

1861இல் வட, தென் மாநிலங்களுக்கு இடையே மூண்ட அந்தப் போருக்கான காரணம் அடிமை முறை. 1860 கணக்குப்படி ஏறத்தாழ 40 லட்சம் பேர் அதில் சிக்கியிருந்தார்கள். ஒரு மனிதர் கொண்டுவந்த போர் என்று சொல்வது மிகை. ஆனால் சமரசம் பேசியவர்களின் காலடி மண்ணை அவர் பறித்துவிட்டார். தெற்கு பயந்து துணைப்படைகளைத் திரட்டியது. வடக்கில் ஒவ்வொரு மணியோசையும் தெற்குக்குப் போர்முரசாகக் கேட்டது. அமெரிக்க எழுத்தாளர் எமர்சன், பிரவுன் தூக்குமேடையைச் சிலுவையைப் போல் மகிமையாக்குவார் என்றார். பிரெஞ்சு எழுத்தாளர் விக்டர் ஹியூகோ, பைபிளில் காயீன் தன் தம்பி ஆபேலைக் கொன்றதைவிடக் கொடியது ஒன்று உண்டு, அது வாஷிங்டன் ஸ்பார்ட்டகஸைக் கொல்வது என்று எழுதினார். வாஷிங்டன் அமெரிக்காவின் முதல் அதிபர், ஸ்பார்ட்டகஸ் பழைய ரோமில் அடிமைகளின் கலகத்தை நடத்தியவர். ஹைட்டி தேசம் துக்கம் அனுசரித்தது. போர்ட்-ஓ-பிரின்ஸில் அவர் பெயரில் ஒரு பெரிய சாலை இருக்கிறது.

லிங்கன் ஜாக்கிரதையாக விலகி நின்றார். அடிமை முறை தவறு என்பதில் பிரவுன் நம்மோடு ஒத்துப்போனாலும், வன்முறைக்கும் துரோகத்துக்கும் அது சாக்காகாது என்று கான்சாஸில் பேசினார்.

ஆளுநர் வைஸின் கதையையும் சொல்ல வேண்டும். 1861 ஏப்ரலில், பதவி முடிந்திருந்த அதே வைஸ்தான், வர்ஜீனியா அமெரிக்காவிலிருந்து பிரிந்துபோகும் நேரத்தில், அதே ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரி ஆயுதக் கிடங்கைப் பிடிக்க ஆட்களை ஏவினார். லீயும் ஜாக்சனும் மத்திய அரசுக்கு எதிராக வாளெடுத்தார்கள்.

‘ஜான் பிரவுனின் உடல்’ பாட்டு இவரைப் பற்றியதா?

பாதிதான். 1861இல் பாஸ்டன் அருகே ஃபோர்ட் வாரனில் இருந்த ஒரு படைப்பிரிவில் ஜான் பிரவுன் என்றே பெயர் கொண்ட ஒரு ஸ்காட்லாந்துக்காரர் இருந்தார். அவரைக் கிண்டல் செய்து சக வீரர்கள் ஒரு பழைய தேவாலய மெட்டில் கட்டிய பாட்டு அது. கேட்டவர்கள் எல்லோரும் தூக்கில் தொங்கியவரையே நினைத்தார்கள். பாட்டு படை முழுக்கப் பரவியது. பிறகு ஜூலியா வார்டு ஹோவ் அதே மெட்டுக்கு வேறு வரிகள் எழுதினார். அதுதான் ‘குளோரி, குளோரி, ஹல்லேலூயா’ என்று உலகம் முழுக்கக் கேட்கும் அந்தப் பாடல். அவருடைய கணவர் சாமுவேல் ஹோவ் ரகசிய அறுவரில் ஒருவர், கனடாவுக்கு ஓடியவர்களிலும் ஒருவர்.

சரி, அவர் தியாகியா, பயங்கரவாதியா?

பாட்டவாட்டமியில் செய்தது அச்சமூட்டுவதற்கான கொலை. அதற்கு வேறு பெயர் தேடிப் பயனில்லை. ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரி வேறு வகை: நாள்தோறும் சாட்டையாலும் ஏலத்தாலும் 40 லட்சம் பேர்மேல் நடந்துகொண்டிருந்த போருக்கு எதிரான ஒரு தாக்குதல். இரண்டையும் ஒரே தராசில் வைத்து ஒரே விடை கேட்பவர்களிடம் எனக்கு உடன்பாடு இல்லை.

கறுப்பின அமெரிக்கர்கள் இதில் அதிகம் குழம்பவில்லை. 1881இல் ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரியில் கறுப்பினத்தவருக்காக நடந்த ஸ்டோரர் கல்லூரியில் டக்ளஸ் பேசினார். என்னால் அடிமைக்காக வாழ முடிந்தது, அவரால் அடிமைக்காகச் சாக முடிந்தது என்றார். மேடையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தவர்களில் ஒருவர், பிரவுனுக்குத் தூக்கு வாங்கிக் கொடுத்த அதே அரசு வழக்கறிஞர் ஹன்டர். 1906இல் கறுப்பின அறிஞர் டுபாய்ஸும், கறுப்பினத்தவரின் சம உரிமைக்காகப் போராடிய நயாகரா இயக்கத்தினரும் அங்கே கூடினார்கள். பிரவுன் பிடிபட்ட கட்டடத்துக்கு விடியற்காலையில் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்து போனார்கள்.

இப்போது போனால் பார்க்க என்ன இருக்கிறது?

ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரி இன்று தேசியப் பூங்கா. 1863இல் வர்ஜீனியாவிலிருந்து பிரிந்த மேற்கு வர்ஜீனியாவில் இருக்கிறது. அந்தச் செங்கல் கட்டடம் ஊர் சுற்றி வந்த கட்டடம். 1893 உலகக் கண்காட்சிக்காகச் செங்கல் செங்கலாகப் பிரித்து சிகாகோ கொண்டுபோனார்கள். பத்து நாளில் பார்க்க வந்தது 11 பேர். பிறகு ஒரு பண்ணைக்கு, அங்கிருந்து ஸ்டோரர் கல்லூரிக்கு, 1968இல் பழைய இடத்துக்குப் பக்கத்தில். நார்த் எல்பாவில் வீடும் கல்லறையும் இருக்கின்றன. தோழர்கள் பலரின் எலும்புகள் 1899இல் அங்கே கொண்டுவரப்பட்டு ஒன்றாகப் புதைக்கப்பட்டன.

சார்ல்ஸ் டவுனில் சிறை இருந்த இடத்தில் இப்போது அஞ்சலகம். அவரைத் தூக்குமேடைக்கு ஏற்றிப்போன வண்டி உள்ளூர் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. எதிரே நீதிமன்றக் கட்டடம் இன்றும் இருக்கிறது. பிரவுனுக்குப் பிறகும் அங்கே துரோக வழக்கு நடந்தது: 1922இல், மேற்கு வர்ஜீனியா நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களின் ஆயுதக் கிளர்ச்சிக்குத் தலைமை தாங்கியதாகக் குற்றம் சாட்டப்பட்ட பில் பிளிசர்டை அங்கேதான் விசாரித்தார்கள். அவரை ஜூரிகள் விடுவித்துவிட்டார்கள்.